புள்ளி வைக்கத் தெரிந்த கைக்கு மவுசும் வேண்டும்!



சுவர் இதழ் என்றாலே மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்றுதான் எழுதுவோம். அதுவும் நல்ல விஷயம்தான். ஆனால் இந்தத் தடவை நான் வேற ஒண்ணைப் பற்றி எழுதுறேன். ஒரே வடிவத்தைச் சம இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரைவது எப்படி? அதைக் கம்ப்யூட்டர் எப்படிச் செய்கிறது? நம் பள்ளியில் அதை யார் கற்றுக்கொள்ள வேண்டும்? இந்த மூன்றும்தான் என் கட்டுரை.

"இதுல என்னடி கருத்து இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கு. கடைசி வரை படிங்க.

சம இடைவெளி அழகுக்கு மட்டுமா?

நம் ஊரில் நிறைய அம்மாக்கள் நடவுக்குப் போறாங்க. திருந்திய நெல் சாகுபடி என்று ஒரு முறை இருக்கிறது. அதில் கயிற்றில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு அடையாளம் கட்டி, அந்த அடையாளத்துக்கு நேராக ஒவ்வொரு நாற்றாக நடுவார்கள். பக்கவாட்டிலும் 25, முன்னும் பின்னும் 25. பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக இல்லை. சதுரமாக நட்டால்தான் கோனோ வீடர் என்ற களை எடுக்கும் கருவியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஓட்ட முடியும். ஒரு வரிசை கோணலாகப் போனால் களையோடு பயிரும் போய்விடும்.

வேலிக்குக் கல் ஊன்றினாலும், வீட்டு ஜன்னலுக்குக் கம்பி வைத்தாலும், சட்டைக்குப் பொத்தான் தைத்தாலும் இதே கதைதான். சம இடைவெளி என்பது ஒரு வேலை, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு தெரியாமல் கண் மதிப்பில் போட்டால் கடைசியில் மாட்டிக்கொள்வோம்.

ஏழு மாங்காய்க் கணக்கு

ஓர் உதாரணம் சொல்றேன். ஆண்டு விழா அழைப்பிதழுக்கு மேலே ஒரு மாங்காய் பார்டர் வேண்டும். அதன் நீளம் 18 சென்டிமீட்டர். ஒரு மாங்காயின் அகலம் 1.8 சென்டிமீட்டர். மொத்தம் 7 மாங்காய். இடைவெளி எவ்வளவு விடணும்?

ஏழு மாங்காய்க்கு 7 × 1.8 = 12.6. மீதி 5.4 சென்டிமீட்டர். இங்கேதான் பலரும் ஏழால் வகுப்பார்கள். 0.77 என்று வரும். அப்படிப் போட்டால் கடைசி மாங்காய்க்கு அப்புறம் ஒரு துண்டு இடம் சும்மா நிற்கும். ஏன்? வேலிக்கு 7 கல் ஊன்றினால் நடுவில் எத்தனை இடைவெளி? ஆறு! அதனால் ஆறால் வகுக்கணும். 5.4 ÷ 6 = 0.9 சென்டிமீட்டர். இப்போது முதல் மாங்காய் இடது ஓரத்தைத் தொடும், கடைசி மாங்காய் வலது ஓரத்தைத் தொடும்.

இரண்டு ஓரத்திலும் அதே அளவு இடம் விட வேண்டும் என்றால் இடைவெளி எட்டு ஆகிவிடும். 5.4 ÷ 8 = 0.675. ஆறா, எட்டா என்பதை முதலில் நாம்தான் முடிவு செய்யணும். எந்தக் கம்ப்யூட்டரும் நம் மனசைப் படித்து அதைச் செய்யாது.

சரி, கண் மதிப்பில் காப்பி, பேஸ்ட் போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் ஏழாவது மாங்காய் 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். முதல் இரண்டைப் பார்த்தால் தெரியாது. மொத்தமாகப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

கம்ப்யூட்டர் எப்படிப் போடுது?

கம்ப்யூட்டரில் படம் இரண்டு வகை. ஒன்று பெயிண்ட் போல, சின்னச் சின்னக் கட்டங்களுக்கு நிறம் பூசுவது. அதைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். இன்னொன்று வெக்டர். அதில் படம் இருக்காது, குறிப்புத்தான் இருக்கும். "இங்கே ஆரம்பி, இப்படி வளை, இவ்வளவு ஆரத்தில் வட்டம் போடு" என்று இருக்கும். அதனால் அஞ்சு அங்குல அழைப்பிதழில் போட்ட அதே மாங்காயைப் பத்து அடி பேனரில் போட்டாலும் ஓரம் சுத்தமாக வரும்.

இதற்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. அடோபி இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல் வந்தது. கோரல்டிரா 1989-ல் வந்தது. ஃபிளெக்ஸ் கடைகளில் கோரல்டிராவைப் பார்த்திருப்பீர்கள். இலவசமாகக் கிடைப்பது இங்க்ஸ்கேப். இது சோடிபோடி என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து 2003-ல் பிரிந்து வந்தது. 2020-ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். ஒரு தடவை நிறுவிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். எங்கள் பெரியப்பா மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியில் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது அந்த அக்காதான்.

மாங்காயை வரிசையாக வைக்க அதில் இரண்டு வழி இருக்கு.

முதல் வழி: ஒரு மாங்காயை வரைந்து கன்ட்ரோல் டி அழுத்தினால் அதன் மேலேயே இன்னொன்று வரும். இப்படி ஏழு எடுத்துக்கோங்க. முதல் மாங்காயை இடது ஓரத்திலும் கடைசி மாங்காயை வலது ஓரத்திலும் வைத்துவிட்டு, மற்ற ஐந்தையும் நடுவில் எப்படி வேண்டுமானாலும் போடுங்க. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அலைன் அண்டு டிஸ்ட்ரிபியூட் என்ற பெட்டியில் இடைவெளியைச் சமமாக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். ஓரத்தில் இருப்பது அசையாது, நடுவில் இருப்பவை மட்டும் நகர்ந்து ஒழுங்காக நிற்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். அந்தப் பெட்டியில் மையங்களைச் சம தூரத்தில் வைக்கும் பொத்தானும் உண்டு, இடைவெளிகளைச் சமமாக்கும் பொத்தானும் உண்டு. எல்லா வடிவமும் ஒரே அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஒல்லியான குத்துவிளக்கும் குண்டான பொங்கல் பானையும் மாறி மாறி வந்தால் இடைவெளியைச் சமமாக்குவதுதான் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும்.

இரண்டாவது வழி: எடிட் மெனுவில் குளோன், அதற்குள் கிரியேட் டைல்டு குளோன்ஸ். அதில் எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்று எண் கொடுக்கணும். ஷிப்ட் என்ற பக்கத்தில் எவ்வளவு தள்ளணும் என்று சதவீதத்தில் கேட்கும். எதன் சதவீதம்? அந்த வடிவத்தின் அகலத்தில். பூஜ்ஜியம் என்று விட்டால் மாங்காய்கள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் கணக்கில் அகலம் 1.8, இடைவெளி 0.9. அப்படியென்றால் 50 சதவீதம்! ஒரு வரிசை, ஏழு நெடுவரிசை, 50 சதவீதம். பொத்தானை அழுத்தினால் பார்டர் ரெடி.

குளோன் என்றால் வெறும் நகல் இல்லை. அசல் மாங்காயின் நிறத்தையோ வளைவையோ மாற்றினால் ஏழும் சேர்ந்து மாறும். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். அசல் மாங்காய் முதல் குளோனுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலே கிளிக் செய்தால் குளோன்தான் சிக்கும். அப்போது ஷிப்ட் டி அழுத்தினால் அசல் கிடைக்கும்.

இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்ல?

தோழிகளே, இப்போ ஒரு கேள்வி. "7 புள்ளி, 4 வரை இடுக்குப் புள்ளி" என்று சொன்னால் உங்களுக்கு என்ன தோணும்? நம் கை தானாக நடுவில் 7 புள்ளி வைக்கும். மேலேயும் கீழேயும் 6, 5, 4 என்று சந்தில் வைத்துக்கொண்டே போகும். மொத்தம் 37 புள்ளி. படமே காட்டாமல் இரண்டு எண்ணும் ஒரு வார்த்தையும் சொன்னால் போதும், கோலத்தின் புள்ளி மொத்தமும் வந்துவிடும். இதுவும் வெக்டர் மாதிரி ஒரு குறிப்புத்தானே!

இதையே கம்ப்யூட்டரில் போடலாம். புள்ளியின் விட்டம் 2 மில்லிமீட்டர் (கோடு இல்லாமல் நிறம் மட்டும் நிரப்பணும், கோடு இருந்தால் அதன் தடிமனும் அகலத்தில் சேர்ந்துவிடும்). புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் தூரம் என்றால் நடுவில் இடைவெளி 8. அது 2-ல் 400 சதவீதம். இடுக்குப் புள்ளி என்பதால் அடுத்த வரிசை பாதித் தூரம், அதாவது 5 மில்லிமீட்டர் தள்ளணும். அது 250 சதவீதம்.

வரிசைக்கும் வரிசைக்கும் எவ்வளவு உயரம்? எல்லாப் பக்கமும் 10 மில்லிமீட்டர் வரணும் என்றால் மூன்று புள்ளி சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகணும். பிதாகரஸ் தேற்றம் போடுங்க. 10-ன் வர்க்கத்தில் 5-ன் வர்க்கம் போனால் 75. அதன் வர்க்கமூலம் 8.66. புள்ளியின் 2 மில்லிமீட்டரைக் கழித்தால் 6.66, அதாவது 333 சதவீதம். 7 வரிசை, 7 நெடுவரிசை கொடுத்தால் 49 புள்ளி வரும். அன்லிங்க் குளோன் கொடுத்துவிட்டு, ஓரத்தில் அதிகமாக இருக்கும் 12 புள்ளியையும், மூலையில் அடியில் ஒளிந்திருக்கும் அசலையும் அழித்தால் 37. நம் வாசல் கோலம் ஸ்கிரீனில்!

வட்டமாக 12 இதழ் வைக்கணுமா? வட்டத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை. அதனால் 12 இதழுக்கு 12 இடைவெளி. 360 ÷ 12 = 30 டிகிரி. இதழின் சுழல் மையத்தைப் பூவின் நடுவில் வைத்து, பக்கவாட்டுத் தள்ளலை மைனஸ் 100 சதவீதம் ஆக்கி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 30 டிகிரி சுழற்சி கொடுத்தால் பூ மலர்ந்துவிடும். வேலிக்கு ஒன்று குறையும், வட்டத்துக்குக் குறையாது. இந்த வித்தியாசத்தை ஒரு தடவை ஸ்கிரீனில் பார்த்தவர்கள் பரீட்சையில் மறக்கவே மாட்டார்கள்.

இதெல்லாம் நான் கற்பனையாகச் சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீங்க. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றிக் கணினித் துறை ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு கோலத்தை எப்படி உருவாக்கலாம் என்பதுதான் அதன் விஷயம். மூன்று பேரில் இரண்டு பேர் பெண்கள். கமலா கிருத்திவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினித் துறைப் பேராசிரியராக இருந்தவர். நம் ஊர் வாசலில் இருப்பதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கணக்காகப் பார்த்திருக்கிறார்கள். நாம் ஏன் பார்க்கக் கூடாது?

இப்போதுதான் என் கருத்து

விழா என்றால் நம்மிடம் என்ன சொல்லுவாங்க? "பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் வாசல்ல கோலம் போடுங்க. பசங்க ரெண்டு பேர் வந்து கம்ப்யூட்டர்ல அழைப்பிதழ் ரெடி பண்ணுங்க." யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பழக்கத்தில் வருது. கம்ப்யூட்டர் பீரியடிலும் மவுஸ் முதலில் யார் கையில் போகுதோ அவங்க கையிலேயே மணி அடிக்கும் வரை இருக்கும். பின்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். நோட்டில் எழுதிக்கொண்டு நிற்கிறோம்.

ஆனால் யோசிச்சுப் பாருங்க. 37 புள்ளியை ஸ்கேல் இல்லாமல், அழிக்க ரப்பர் இல்லாமல் சமமாக வைப்பவர் யார்? இடுக்குப் புள்ளி, நேர்ப் புள்ளி என்ற வித்தியாசம் அத்துப்படியாகத் தெரிந்தவர் யார்? அந்தப் பெட்டி கேட்கிற வரிசை, நெடுவரிசை, தள்ளல் எல்லாம் நம் விரலில் ஏற்கெனவே இருக்கு. அதன் இங்கிலீஷ் பெயர் மட்டும்தான் தெரியாது. பெயர் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். விரல் பழக நமக்கு எத்தனை மார்கழி ஆச்சு!

பசங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்களும் கோலப்புள்ளி வைக்கப் பழகட்டும். வைத்துப் பார்த்தால்தான் ஒரு வரிசை கோணினால் எல்லாம் கோணும் என்பது தெரியும். மவுஸ் நமக்கு, மாவு அவங்களுக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டும் இருவருக்கும் வேண்டும் என்கிறேன்.

சிலர் கேட்பார்கள்

"பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இது வருமா?" வராது. ஆனால் சதவீதம், சராசரி, பிதாகரஸ், வர்க்கமூலம், கோணம் எல்லாம் இதற்குள் இருக்கு. போர்டில் படித்த கணக்கு ஸ்கிரீனில் உடனே சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

"கம்ப்யூட்டர் வந்தால் கைவேலை போயிடுமே?" போகாது. கம்ப்யூட்டர் சமமாகப் போடும், எதைப் போடணும் என்று அதற்குத் தெரியாது. கைக்கோலத்தில் இருக்கும் சின்ன நெளிவும் அதற்கு வராது. ஆனால் டவுனில் ஜவுளி, அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் என்று எங்கே போனாலும் பார்டர் போடத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கு. நம் அம்மாக்கள் தெரிந்து வைத்திருக்கிற மாங்காயும் அன்னமும் நம் கையால் அங்கே போனால் நல்லதுதானே.

"இருக்கிற கம்ப்யூட்டரே கொஞ்சம், கரண்ட் வேற போயிடும்." உண்மைதான். அதற்குத்தான் கட்டம் போட்ட நோட்டு இருக்கே! கணக்கை நோட்டில் போட்டுவிட்டு எண்களோடு போய் உட்கார்ந்தால் ஒரு பார்டருக்குப் பத்து நிமிஷம் போதும். யோசிக்கிற நேரம் பெஞ்சில், போடுகிற நேரம் கம்ப்யூட்டரில்.

தலைமை ஆசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் என் கோரிக்கை

1. நம் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் இங்க்ஸ்கேப் நிறுவ ஏற்பாடு செய்யுங்கள். காசு கிடையாது.

2. ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேரோ, பீரியடை அத்தனையாகச் சமமாக வகுத்து மவுஸ் கை மாற வேண்டும். பெயர்ப் பட்டியல் ஒட்டி, மணி பார்த்துச் சொல்ல ஒருவரை வைக்கலாம்.

3. அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழின் பார்டரை மாணவிகளும் மாணவர்களும் சேர்ந்த ஒரு குழு போடட்டும். வாசல் கோலத்தையும் அப்படியே ஒரு கலந்த குழு போடட்டும்.

4. இந்தச் சுவர் இதழுக்கு மாதம் ஒருவர் கணக்குப் போட்டு ஓர வரைவு செய்யட்டும். கணக்கையும் கீழே எழுதட்டும். இந்தத் தாளைச் சுற்றி நான் வைத்திருக்கும் புள்ளிகளை நீங்களும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

முதல் கோரிக்கைக்குக் கொஞ்சம் நேரம் ஆகலாம். இரண்டாவதுக்கு ஒன்றுமே தேவையில்லை. நாளைக்கே ஆரம்பிக்கலாம். மாங்காய்க்கு மாங்காய் இடைவெளி சமமாக இருக்கணும் என்று இவ்வளவு கணக்குப் போடுகிறோம். மாணவருக்கு மாணவர் கிடைக்கிற நேரமும் சமமாக இருக்கணும் என்பதற்கு வெறும் வகுத்தல் போதும்.

தோழிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கம்ப்யூட்டர் பீரியடில் பின்னால் போய் நிற்காதீங்க. கோல நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் உட்காருங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி